ஹார்க்னஸ் ஸ்பெஷல்

மியூசியமா? அப்படி என்று யார் அக்கா உங்களுக்குச் சொன்னது?

இல்லை, நீங்கள் பெருமையாகத்தான் சொன்னீர்கள், அது எனக்குப் புரிகிறது. "உங்கப்பா துப்பாக்கியை மியூசியத்துக்குக் குடுத்துட்டாராமே, பெரிய மனசு" என்றீர்கள். தாண்டிக்குடியில் பஸ் ஏறும்போது கண்டக்டரும் இதையேதான் சொன்னார். பின்னால் மிளகு மூட்டையைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு தூங்குகிறாரே, அந்தப் பெரியவரும் தூங்குவதற்கு முன்னால் இதையே சொன்னார். அவர்களைத் திருத்திவிட்டேன். உங்களையும் திருத்துகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தப்பான தகவல் காதில் விழுந்தால் அதை அப்படியே விட்டுவிட்டுப் போக எனக்கு வராது. அம்மா இதை வியாதி என்கிறாள். நான் இதைப் படிப்பு என்கிறேன்.

கொஞ்சம் தள்ளிக்கொள்ளுங்கள். இல்லை இல்லை, என் பையை மேலே வைக்க வேண்டாம், மடியிலேயே இருக்கட்டும். உள்ளே உடைகிற சாமான் இருக்கிறது. என்னவென்று சொல்கிறேன்.

மியூசியம் எல்லாம் கிடையாது. போலீஸ் எடுத்துக்கொண்டு போனது. ஜீப்பில் வைத்து, எங்கள் அம்மாவின் பழைய போர்வையில் சுற்றி. ஏன் எடுத்துக்கொண்டு போனது என்றால், அந்தத் துப்பாக்கியைப் பற்றி எங்கள் வீட்டில் காலங்காலமாகச் சொல்லிவந்த கதை பொய். அது பொய் என்று நான் நிரூபித்தேன். அவ்வளவுதான் நடந்தது. இதில் நஷ்டம் யாருக்கு என்று பார்த்தால் எனக்குத்தான். அந்தத் துப்பாக்கி எனக்கு வர வேண்டியது. எங்கள் டைட்டஸ் அண்ணனுக்கு இல்லை, எனக்கு.

ஆமாம், பெண்பிள்ளைக்குத்தான். ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? போன ஈஸ்டர் அன்று பூசை முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அப்பா சொன்னார், லைசென்ஸை ஷைனி பேருக்கு மாற்ற மனுப் போட்டிருக்கிறேன் என்று. டைட்டஸ் அண்ணன் கறியைக் கடித்தபடியே அப்படியே உட்கார்ந்துவிட்டான். சித்தப்பா வீட்டில் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பா ஏன் அப்படிச் செய்தார் என்றால், அதற்கு முந்திய லீவில் நான் அவரிடம் ஆண் பெண் சமத்துவம் பற்றி ஒரு முழு சாயங்காலமும் பேசியிருந்தேன். வாதத்தில் தோற்றுப்போனார். வேறு என்ன காரணம் இருக்க முடியும்?

அம்மா வேறொரு காரணம் சொல்வாள். அந்தத் துப்பாக்கிக்குக் கடைசியாக ஒரே ஒரு தோட்டாதான் மிச்சம் இருந்ததாம். டைட்டஸ் அண்ணன் பிறந்தபோது சுடாமல் வைத்திருந்தாராம். நான் பிறந்தேன் என்று ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து சொன்னதும், காப்பிக் களத்தில் நின்று அதை வானத்தில் சுட்டுவிட்டாராம். மலையெல்லாம் கேட்டதாம். அம்மாவுக்கு இதைச் சொல்லும்போது கண் கலங்கும். எனக்கு எரிச்சல்தான் வரும். இருந்த ஒரே ஆதாரம் அக்கா அந்தத் தோட்டா. அதைப் போய் வானத்தில் சுட்டால் என்ன அர்த்தம்?

சரி, கதை என்னவென்று சொல்கிறேன். நீங்களும் மலைக்காரர்தான், பாதி கேட்டிருப்பீர்கள். ஹார்க்னஸ் என்று ஒரு துரை. எங்கள் தோட்டம் முன்பு அவனுடையது. அவன் சீமையிலிருந்து ஒரு துப்பாக்கி செய்வித்து வரவழைத்தான். ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கி. கீழே ஒரு நெம்பி, நெம்புகோல் மாதிரி ஒரு பிடி, இருக்கும். அதை இறக்கினால் பின்பக்கம் கதவு மாதிரி ஒரு இரும்புக் கட்டை கீழே போகும். கையால் ஒரு தோட்டாவை உள்ளே வைக்க வேண்டும், நெம்பியை ஏற்ற வேண்டும், சுட வேண்டும். மறுபடி சுட வேண்டுமானால் மறுபடி எல்லாம் முதலிலிருந்து. இது வரைக்கும் உண்மை.

பொய் எங்கே ஆரம்பிக்கிறது என்றால், அந்தத் துரைக்கு ஊரில் கிடைக்கிற தோட்டா எதுவும் பிடிக்கவில்லையாம். தனக்கென்று ஒரு தோட்டாவைத் தானே வரைந்து, அந்த அளவுக்கே குழாயைக் கடையச் சொன்னானாம். உலகத்தில் அந்தத் துப்பாக்கி ஒன்றுதான் அந்தத் தோட்டாவைச் சுடுமாம். அந்தத் தோட்டா ஒன்றுதான் அந்தத் துப்பாக்கிக்குச் சேருமாம். பெயர், ஹார்க்னஸ் ஸ்பெஷல். லைசென்ஸிலும் அளவு எழுதுகிற இடத்தில் நம்பர் கிடையாது, ஹார்க்னஸ் ஸ்பெஷல் என்றுதான் இருக்கும். தேர்தல் வந்தால் மலையில் இருக்கிற எல்லாத் துப்பாக்கியையும் ஸ்டேஷனில் ஒப்படைப்பார்கள் அல்லவா, அங்கே கொடுக்கிற ரசீதிலும் அதே ஹார்க்னஸ் ஸ்பெஷல். எத்தனை எஸ்.ஐ. மாறியிருப்பார்கள், எத்தனை தாசில்தார் மாறியிருப்பார்கள். ஒருத்தராவது, அது என்னப்பா ஸ்பெஷல் என்று கேட்டிருக்க வேண்டாமா? அரசாங்கம் எவ்வளவு மெத்தனமாக இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

எனக்கு வரப்போகிற பொருள். என்ன வருகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டாமா? நான் மதுரையில் இயற்பியல் முதுகலை படிக்கிறேன். படிப்பை எடுத்து வைத்துவிட்டு, இந்தத் தோட்டா விஷயத்தில் இறங்கினேன்.

அக்கா, உலகத்தில் வேலைவெட்டி இல்லாத ஆண்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? தோட்டா கண்டுபிடிக்கிறார்கள். உண்மையாகத்தான் சொல்கிறேன். ஏற்கனவே கடையில் கிடைக்கிற தோட்டா ஒன்றை எடுப்பான். பாட்டிலுக்கு இருக்கிற மாதிரி அதற்கும் கழுத்து, தோள் உண்டு. அந்தக் கழுத்தைக் கொஞ்சம் நசுக்குவான். இல்லையென்றால் தோளை ஒரு நூல் பின்னால் தள்ளுவான். உடனே அதற்குத் தன் பேரை வைத்துவிடுவான். அடுத்த ஊர்க்காரன் அதே தோட்டாவின் கழுத்தைக் கொஞ்சம் அகட்டுவான். அதற்கு அவன் பேர். பிறகு இரண்டு பேரும் எது சிறந்தது என்று சாகிறவரைக்கும் சண்டை போடுவார்கள். பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள், நான் எல்லாவற்றையும் படித்தேன்.

இதில் ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கிக்காரர்கள் இருக்கிறார்களே, அவர்கள் தனி ஜாதி. மற்ற துப்பாக்கியில் தோட்டாக்களை அடுக்கி வைக்கிற பெட்டி இருக்கும், அதற்குள் அடங்குகிற தோட்டாதான் ஆகும். இவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. ஒன்றே ஒன்று, அதையும் கையால் வைக்கப்போகிறான். அதனால் நீளமாக, குட்டையாக, பாட்டில் மாதிரி, மெழுகுவத்தி மாதிரி, அவன் மனம் போன போக்கில் வைத்துக்கொள்ளலாம். அந்தத் தோட்டா போய் உட்காருகிற இடத்துக்குச் சேம்பர் என்று பெயர். தமிழில் அறை என்று எழுதுகிறார்கள். நமக்கு அறை என்றால் கன்னத்தில் விழுவதுதான் முதலில் ஞாபகம் வரும், அது வேறு. அந்தச் சேம்பரைத் தனக்கு வேண்டிய வடிவத்தில் குடைந்துகொள்வான். குடைந்த பிறகு பார்த்தால் அதற்குத் தோட்டா கடையில் கிடைக்காது. கிடைக்காது என்றுதானே குடைந்தான்! பிறகு ஆயுசு முழுக்க வீட்டில் உட்கார்ந்து பித்தளைக் கூட்டை வெட்டி, நசுக்கி, நெய் தடவித் தானே செய்துகொள்ள வேண்டியது. செய்ததை ஒரு தடவை சுட்டால் அந்தக் கூடு சூட்டில் உப்பி, சேம்பரின் வடிவத்தை அச்சாக எடுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு அது வேறு எந்தத் துப்பாக்கிக்கும் ஆகாது. கல்யாணம் மாதிரி. எங்கள் அம்மாவைப் பார்த்தாலே உங்களுக்குத் தெரியும்.

சிரிக்கிறீர்கள். ஆனால் இதுதான் உண்மை.

நான் என்ன சொல்ல வந்தேன் என்றால், இப்படிப் பெயர் வைத்த தோட்டா ஆயிரக்கணக்கில் இருக்கிறது. ஒரே ஒருத்தன் ஒரே ஒரு துப்பாக்கிக்குச் செய்ததைக்கூட விடாமல் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். அதில் தேடினேன். ஹார்க்னஸ் இல்லை. பழைய துப்பாக்கிக் கம்பெனிகளின் விலைப்பட்டியலில் தேடினேன். இல்லை. இதே வேலையாக இருக்கிற வெளிநாட்டுக்காரர்களுக்கு எழுதிக் கேட்டேன். அப்படி ஒன்று கிடையவே கிடையாது என்று அடித்துச் சொன்னார்கள். அப்போதே எனக்குப் பாதி புரிந்துவிட்டது. அந்தத் துரை தோட்டாவும் வரையவில்லை, ஒரு மண்ணும் வரையவில்லை. யாரோ அளந்துவிட்ட கதை.

மீதிப் பாதிக்குப் பிசிகல் புரூஃப் வேண்டும். பட்டிமன்றத்தில் கைதட்டு வாங்குகிற பேச்சு வேறு, அறிவியல் வேறு. நான் இரண்டிலும் பரிசு வாங்கியிருக்கிறேன், அதனால் வித்தியாசம் தெரியும்.

சேம்பரின் அளவை எப்படி எடுப்பது என்று தெரியுமா? உள்ளே அளவுகோல் போகாது. கந்தகத்தை உருக்கி ஊற்ற வேண்டும். வத்தலக்குண்டு நாட்டு மருந்துக் கடையில் வாங்கினேன், கடைக்காரர் சொறிக்கா என்று கேட்டார். அப்பா தோட்டத்துக்குப் போயிருந்த நேரம். துப்பாக்கியைச் சுவரிலிருந்து இறக்கி, நெம்பியைத் தள்ளிக் கதவை இறக்கி, குழாய்க்குள் கொஞ்ச தூரத்தில் பஞ்சை அடைத்தேன். கந்தகத்தை இளந்தீயில் உருக்க வேண்டும், தேன் நிறத்தில் தண்ணீர் மாதிரி இருக்கும்போதே ஊற்ற வேண்டும். கொஞ்சம் சூடு கூடினால் கறுத்துப் பாகு மாதிரி ஆகிவிடும். முதல் தடவை அப்படித்தான் ஆனது. நீலமாகத் தீயும் பிடித்துக்கொண்டது. அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்து, "என்னடி இது, வீட்டுக்குள்ள நரகத்தைக் காய்ச்சுற" என்றாள். எக்ஸ்பெரிமெண்ட் என்றேன். என் கையையும் பார்த்தாள், மேஜை மேல் பிளந்து கிடந்த துப்பாக்கியையும் பார்த்தாள். "அப்பா கிட்ட கேட்டியா? அதையெல்லாம் நோண்டாத ஷைனி, அது அப்படியே இருக்கட்டும்" என்றாள். எங்கள் வீட்டில் எதைக் கேட்டாலும் இதுதான் பதில். அது அப்படியே இருக்கட்டும்.

இரண்டாவது தடவை சரியாக வந்தது. ஆறியதும் வாய்ப்பக்கம் கம்பியை விட்டு மெதுவாகத் தட்டினேன். நழுவி வந்தது அக்கா, மஞ்சளாக, வழவழவென்று. சேம்பரின் அச்சு. கல்லூரி லேபிலிருந்து கொண்டுவந்திருந்த வெர்னியரை வைத்து அளந்தேன். அடியில் விளிம்பு, மேலே சரிந்து போகிற உடம்பு, சின்னத் தோள், கழுத்து. எல்லாவற்றையும் எழுதி அட்டவணையோடு வைத்துப் பார்த்தால், என்ன தெரியுமா?

முந்நூற்று மூன்று. பாயிண்ட் த்ரீ நாட் த்ரீ. போலீஸ்காரர்கள் தோளில் மாட்டிக்கொண்டு தேர்த் திருவிழாவுக்கு நிற்பார்களே, அதே துப்பாக்கியின் தோட்டா. லட்சக்கணக்கில், கோடிக்கணக்கில் செய்த தோட்டா. உலகத்திலேயே இதற்கு மட்டும் என்று என் குடும்பம் மார்தட்டிக்கொண்டிருந்த தோட்டா, உலகத்திலேயே ரொம்ப சாதாரணமான தோட்டா. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

என்ன அக்கா, முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது? பஸ் வளைவில் குமட்டுகிறதா? எலுமிச்சம்பழம் வேண்டுமா? சரி.

ஆமாம், நீங்கள் கேட்பது சரி. ராணுவத் தோட்டா அது, தனி ஆள் வீட்டில் வைத்துக்கொள்ளத் தடை. எனக்கும் தெரியும். படித்துவிட்டுத்தானே பேசுகிறேன். ஆனால் தடை என்பது சட்டப் பிரச்சினை. நான் பேசியது அளவுப் பிரச்சினை. இரண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். பெயர் மாற்றுவதற்கு முன்னால் துப்பாக்கியைப் பார்த்து, வீட்டில் பத்திரமான இடம் இருக்கிறதா என்று விசாரித்து எழுதிக்கொண்டு போக வந்தார்கள். எஸ்.ஐ. அருணகிரி வந்தார். அவர் இந்த மலையில் ரொம்ப நாளாக இருப்பவர், அப்பாவை அண்ணே என்பார். கூட தாலுகா ஆபீஸிலிருந்து ஆர்.ஐ. மேடம் ஒருவர், புதிதாக மாற்றலாகி வந்தவர். ஒரு பெண் அதிகாரி வந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். டைட்டஸ் அண்ணன் மூஞ்சியை உம்மென்று வைத்துக்கொண்டு தூணோரம் நின்றான். வயிற்றெரிச்சல்.

எஸ்.ஐ. துப்பாக்கியைக் கையில் வாங்கிப் பார்த்தார். கதவை இறக்கி, குழாய்க்குள் பார்த்து, மறுபடி ஏற்றினார். "அருமையா வச்சிருக்கீங்கண்ணே" என்றார். மேடம் அளவு என்ன என்று கேட்டார். எஸ்.ஐ. பார்க்காமலே சொன்னார், ஹார்க்னஸ் ஸ்பெஷல் மேடம், பழைய காலத்துத் துரைமார் தோட்டா, இப்ப கிடைக்கிறதில்லை என்று. மேடம் எழுத ஆரம்பித்தார்.

என் கண் முன்னால் அக்கா. ஒரு அரசாங்கப் பதிவில், என் பெயர் வரப்போகிற இடத்தில், ஒரு பொய்யை எழுதுகிறார்கள். நான் எப்படிச் சும்மா இருப்பேன்?

"சார், அப்படி ஒரு தோட்டாவே உலகத்துல கிடையாது" என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு உடனே என்ன சொன்னார் தெரியுமா? "ஷைனி, உள்ள போய் காப்பி எடுத்துட்டு வா."

காப்பி. மதுரையில் முதுகலை படிக்கிற பெண் ஒரு விஷயம் பேச வாய் திறந்ததும், போய்க் காப்பி எடுத்துட்டு வா. ஈஸ்டர் அன்று துப்பாக்கியை எனக்கு என்று சொன்ன அதே வாய். ஒரு பெண் அதிகாரி உட்கார்ந்திருக்கும்போது. எனக்கு அப்படியே தலைக்கு ஏறியது. காப்பி எல்லோரும் குடித்தாயிற்று, டம்ளர் எதிரேயே இருக்கிறது என்றேன். அதற்குள் அடுக்களையிலிருந்து அம்மா குரல், பால் பொங்குகிறது, ஓடி வா என்று. அடுப்பு அவள் காலடியில் இருக்கிறது. என்னைக் கூப்பிடுகிறாள்! பார்த்தீர்களா, ஒரு பெண்ணைப் பேசவிடாமல் செய்வதற்கு ஒரு குடும்பமே எப்படி ஒன்று சேர்கிறது என்று.

நான் போகவில்லை. பையிலிருந்து அச்சை எடுத்து மேஜை மேல் வைத்தேன்.

எஸ்.ஐ. அதைத் தொடவே இல்லை. ஏதோ கடித்துவிடும் என்கிற மாதிரி பார்த்தார். பிறகு, இது மெழுகு மாதிரி ஊற்றி எடுத்த சாமான், ஆறினால் சுருங்கும், வளையும், இதை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அறிவே இல்லாத பேச்சு. கந்தகம் எவ்வளவு சுருங்கும் என்று தெரியும், அதையும் கணக்கில் சேர்த்துத்தான் சொல்கிறேன் என்று விளக்கினேன். விளிம்பு, உடம்பு, தோள், கழுத்து என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

டைட்டஸ் அண்ணன் குறுக்கே வந்தான். "சார், இவ பேச்சை எடுத்துக்காதீங்க. போன கிறிஸ்மஸ் பூசையில எழுந்து நின்னு பங்குச்சாமியாரையே திருத்துனவ" என்றான். மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தான், இப்போதும் கட்டைவிரல் நகம் கறுப்பாக இருக்கிறது. சாமியாரைத் திருத்தியது நடந்ததுதான். நாசரேத்துக்கும் பெத்லகேமுக்கும் உள்ள தூரத்தைத் தப்பாகச் சொன்னார். தப்பைத் தப்பு என்று சொன்னதை, என் மூளை சரியில்லை என்பதற்குச் சாட்சியாகச் சொல்கிறான். எனக்கு வரக்கூடாது, அவ்வளவுதான் அவனுக்கு.

மேடம் பேனாவை மூடிவிட்டார். சாந்தமாகத்தான் பேசினார். "படிக்கிற பிள்ளை, ஏதோ ஆராய்ச்சி பண்ணிப் பார்த்திருக்கு. நல்ல விஷயம். நான் லைசென்ஸ்ல என்ன இருக்கோ அதைத்தான் எழுதணும். அதோட என் வேலை முடிஞ்சுது. என்னம்மா?"

அந்த 'என்னம்மா'வைக் கொஞ்சம் இழுத்துச் சொன்னார். என் கண்ணையே பார்த்துக்கொண்டு சொன்னார். பெண் அதிகாரி என்று நம்பிய எனக்கு இது வேண்டும். அவருக்கும் வேலை முடிந்தால் போதும். நான் எழுந்து நின்றேன். மேடம், நான் சொன்னதையும் எழுதிக்கொள்ள வேண்டும், இது முந்நூற்று மூன்று, அளவோடு எழுதிக்கொள்ளுங்கள், எழுதாவிட்டால் நீங்கள் எழுதாமல் போனதையும் சேர்த்துக் கலெக்டருக்கு மனுப் போடுவேன் என்றேன்.

அடுக்களையில் பால் பொங்கி அடுப்பில் வழிகிற வாடை வந்தது.

எஸ்.ஐ. தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "அண்ணே, பிள்ளை வாயால வந்துருச்சு. நான் என்ன செய்யட்டும்?" என்றார்.

"எடுத்துட்டுப் போங்க சார்" என்றார் அப்பா.

ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. எதிர்வாதம் இருந்தால்தானே பேசுவதற்கு? துப்பாக்கியைக் கையில் எடுத்து, தோளில் கிடந்த துண்டால் ஒரு தரம் துடைத்தார். நெம்பியை இறக்கி, குழாயை வெளிச்சத்துப் பக்கம் தூக்கிப் பிடித்து, உள்ளே ரொம்ப நேரம் பார்த்தார். எதற்குப் பார்த்தார் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்றுதான் நான் சொல்லிவிட்டேனே.

ஜீப் போன பிறகு என்னிடம் வந்தார். "நீ சொன்னது சரிதான்மா" என்றார்.

பார்த்தீர்களா? அவர் வாயாலேயே. அம்மா என்னோடு ஒரு வாரம் பேசவில்லை, டைட்டஸ் அண்ணன் இன்னும் பேசவில்லை. ஆனால் அப்பா ஒத்துக்கொண்டார். என் வாழ்க்கையில் எத்தனையோ வாதத்தில் ஜெயித்திருக்கிறேன், இந்த அளவுக்கு முழுமையாக ஜெயித்ததில்லை.

அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். ஆனால் கொஞ்ச நாளில் பார்த்தால் மலை முழுக்க, அப்பா பேரைச் சொல்லி, சிங்கராயர் துப்பாக்கியை மியூசியத்துக்குக் கொடுத்துவிட்டார் என்று பேச்சு. யார் கிளப்பியது என்று விசாரித்தேன். அப்பாவே! டீக்கடையில், கோயில் வாசலில், கேட்கிறவர்களிடம் எல்லாம் அவரேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். என் பெயரை எங்கேயும் எடுக்கவில்லை. என் மகள்தான் கண்டுபிடித்தாள் என்று சொல்ல ஒரு தகப்பனுக்கு ஏன் அக்கா மனசு வராது? ஒரு பொய் போனால் உடனே இன்னொரு பொய் வேண்டியிருக்கிறது அவருக்கு.

இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. அந்த எஸ்.ஐ.யும் மேடமும் என்ன எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? நகல் வாங்கிப் பார்த்தேன். 'பழமையான ஆயுதம், உரிமையாளர் தானாக முன்வந்து அரசிடம் ஒப்படைத்தார்.' முந்நூற்று மூன்று என்கிற பேச்சே இல்லை. அளவு என்ன என்கிற இடத்தில் பழையபடி ஹார்க்னஸ் ஸ்பெஷல்! அவ்வளவு நேரம் நான் தொண்டை கிழியப் பேசியது என்ன ஆனது?

அதற்குத்தான் இப்போது திண்டுக்கல் போகிறேன், கலெக்டர் ஆபீஸுக்கு. மனு தயார். அளவு, அட்டவணை, எல்லாம் இணைத்திருக்கிறேன். சாட்சிக்கு அச்சையும் கொண்டுவந்திருக்கிறேன். இந்தப் பையில் இருப்பது அதுதான். பருத்தித் துணியில் சுற்றி, பிஸ்கட் டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன், ஆட்டம் கண்டால் உடைந்துவிடும். அந்தப் பதிவைத் திருத்தாமல் வரமாட்டேன். அப்பாவுக்குப் பிரச்சினை வராதா என்று கேட்கிறீர்கள். ஏன் வருகிறது? உண்மையை எழுதினால் யாருக்கு என்ன பிரச்சினை?

கிளம்பும்போது அப்பாவிடம் சொன்னேன், எங்கே போகிறேன், எதற்குப் போகிறேன் என்று. ஒளித்துச் செய்கிற பழக்கம் எனக்கு இல்லை. தடுப்பார், வாதம் செய்யலாம் என்று பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "ஜன்னல் பக்கம் உக்காராதம்மா, சாரல் அடிக்கும்" என்றார். துப்பாக்கி தொங்கிய ஆணியில் மாட்டியிருந்த குடையை எடுத்து என் கையில் கொடுத்தார். இதோ, இந்தக் குடைதான். இப்படி ஒரு மனிதரிடம் எப்படி அக்கா வாதம் செய்வது?

இந்தாருங்கள், இதையும் பாருங்கள். கையில் வாங்கிப் பாருங்கள், வெறும் கூடுதான், வெடிக்காது. நான் பிறந்த அன்று சுட்டாரே, அந்தத் தோட்டாவின் கூடு. கல்லூரிக்குக் கிளம்பியபோது என் கையில் கொடுத்தார், பேனா மூடி மாதிரி வைத்துக்கொள் என்று. திருப்பி அடியைப் பாருங்கள். எல்லாத் தோட்டாவின் அடியிலும் என்ன அளவு, எங்கே செய்தது என்று எழுத்துக் கொத்தியிருக்கும். இதில் பாருங்கள், வழுக்கை. யாரோ அரத்தை வைத்து உட்கார்ந்து ராவி எடுத்திருக்கிறார்கள். ராவியவன் ரொம்பப் பொறுமைசாலி, ஒரு எழுத்தின் வால்கூட மிச்சம் வைக்கவில்லை. கூட்டையே அளக்கலாம் என்றால், பேனா செருகிச் செருகிக் கழுத்து நசுங்கிப் போயிருக்கிறது. எவ்வளவு அசட்டுத்தனம்! அந்த எழுத்து மட்டும் இருந்திருந்தால் நான் கந்தகம் உருக்கவே வேண்டியிருக்காது. வீட்டில் இருக்கிற ஒரே ஆதாரத்தை எதற்காக ஒருத்தன் ராவுவான்? பாலிஷ் போடுகிறேன் என்று செய்திருப்பார்கள். படிப்பில்லாததால் வருகிற கேடு.

ஆமாம், மறந்தே போனேன். நீங்கள் மங்களங்கொம்பு பெரிய வீடுதானே? உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறதே! சின்ன வயதில் உங்கள் மாமனார் இறந்த கேதத்துக்கு வந்தபோது பார்த்திருக்கிறேன், கூடத்துச் சுவரில். இதே மாதிரி ஒற்றைத் தோட்டா, இதே மாதிரி நெம்பி. அதற்கும் ஒரு பெயர் சொன்னார்களே. டன்பார் லாங். ஆமாம், டன்பார் லாங்! உலகத்திலேயே அது ஒன்றுதான் என்று உங்கள் வீட்டுக்காரர்கூட அன்றைக்குச் சொன்னார். அந்தப் பட்டியலில் டன்பாரும் இல்லை அக்கா, நான் பார்த்த ஞாபகம் இருக்கிறது. கவலைப்படாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் உங்கள் வீட்டுக்கு வருகிறேன். கந்தகம் இன்னும் பாதிப் பொட்டலம் இருக்கிறது. ஒரு மணி நேர வேலை. என்னவென்று தெரிந்துவிடும். எனக்கு ஒன்றும் கொடுக்க வேண்டாம்.

யாருக்கு போன் போடுகிறீர்கள்? வீட்டுக்கா? பேசுங்கள், பேசுங்கள். இங்கே சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும்.

எதை எடுத்து உள்ளே வைக்கச் சொல்கிறீர்கள்? உடனே எடுத்து உள்ளே வை, யார் கண்ணிலும் படாமல் வை என்கிறீர்களே. காப்பிக் கொட்டை காயப்போட்டிருக்கிறதா? ஆமாம் அக்கா, அங்கே பாருங்கள், மேகம் கறுத்துவிட்டது. எங்கள் அப்பா சொன்னது சரிதான், சாரல் அடிக்கப்போகிறது.

என்ன எழுந்துவிட்டீர்கள்? இது பெரும்பாறைதான், டீக்கு நிறுத்தியிருக்கிறார்கள். கூடையை எதற்கு எடுக்கிறீர்கள்? எதிர் பஸ்ஸா, திரும்பி மேலேயா?

அக்கா, நீங்கள் வத்தலக்குண்டுக்கல்லவா டிக்கெட் எடுத்தீர்கள்?